முப்பது பேரும் நானூறு மைலும்

1873ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களைக் கால்பந்தாட அழைத்தார்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட கிளீவ்லாந்து நகரில் ஆடுவதென்று திட்டம். கார்னெலின் முதல் தலைவரான ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட் அனுமதி மறுத்துவிட்டார். காற்றடைத்த பை ஒன்றைக் கிளறுவதற்காக முப்பது பேர் நானூறு மைல் போவதற்குத் தாம் இசைய மாட்டோம் என்ற பொருளில் அவர் சொன்ன பதில், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அனைவரும் எடுத்தாளும் பதிலாகிவிட்டது. அதைப் பெரும்பாலும் ஒரு வேடிக்கையாகவே எடுத்தாள்கிறார்கள். விளையாட்டின் எதிர்காலத்தை உணராத ஒரு பழைய பேராசிரியரின் முணுமுணுப்பு என்று. நமக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பதிலில் இரண்டு எண்கள் இருக்கின்றன: எத்தனை பேர், எவ்வளவு தூரம். ஒயிட் கணக்குக் கேட்டிருக்கிறார். அந்தக் கணக்கைத்தான் அமெரிக்காவின் சிறிய கல்லூரிகள் நூற்றைம்பது ஆண்டுகளாகப் போட்டுக்கொண்டிருக்கின்றன.

விளையாட்டு வரலாறுகள் வென்றவர் தோற்றவர் பட்டியலாக இருக்கின்றன. ஆடப் போனவர்கள் எப்படிப் போனார்கள், எங்கே உண்டார்கள், எந்த நேரத்தில் திரும்பினார்கள் என்பதெல்லாம் அவற்றில் வருவதில்லை. ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையையே வைத்துக்கொண்டு, பரிசு பெற்றவனைவிடப் பரிசிலுக்குப் போகும் வழியை விரிவாகப் பாடிய மொழிக்காரர்களான நமக்கு இந்த விடுபடல் கொஞ்சம் உறுத்துகிறது. ஆகவே இக்கட்டுரையில் கோல்களை விட்டுவிட்டு வழியைப் பார்ப்போம்.

சிறிய கல்லூரி என்று நாம் சொல்வது எதை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் அமைப்புகளில் பெரியது என்.சி.ஏ.ஏ. அது 1973இல் தன் உறுப்பினர்களை மூன்று பிரிவுகளாகப் பகுத்தது. தொலைக்காட்சிப் பணமும் பெரும் அரங்கங்களும் முதல் பிரிவைச் சேர்ந்தவை. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கக்கூடாது என்பது விதி. உறுப்பினர் எண்ணிக்கையில் இதுவே பெரியது. நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள் இதில் அடங்கும். பல கல்லூரிகளில் மாணவர் தொகையே இரண்டாயிரத்தைத் தாண்டாது. நம் ஊர்க் கலைக் கல்லூரி அளவு என்று வைத்துக்கொள்ளலாம். கால்பந்து என்று நாம் சொல்வது காலால் ஆடும் கால்பந்தை. அமெரிக்கர்கள் 'சாக்கர்' என்பதை.

தூரம் என்ற கேள்விக்கு முதலில் பதில் சொன்னது ஒரு ரயில் கம்பெனி. 1852 ஆகஸ்டில் ஹார்வர்டும் யேலும் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள வினிபசாக்கி ஏரியில் படகுப் போட்டி நடத்தின. அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் விளையாட்டுப் போட்டி அதுதான். இரண்டு கல்லூரிகளுக்கும் அந்த ஏரி பக்கத்தில் இல்லை. பாஸ்டன், கன்கார்டு அண்டு மான்ட்ரியல் என்ற ரயில் கம்பெனிக்கு அந்த ஏரிக்கரையில் பயணிகளைக் கொண்டுவந்து சேர்க்க ஆசை. கம்பெனியின் அதிகாரி ஒருவர் மாணவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் தங்கும் செலவும் தருவதாகச் சொன்னார், மாணவர்கள் போனார்கள். கல்லூரி விளையாட்டில் வணிகம் பிற்காலத்தில்தான் புகுந்தது என்று வருந்துகிறவர்கள் இந்த ஆண்டை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். முதல் பயணச்சீட்டே விளம்பரக் கணக்கில் எழுதப்பட்டது.

1869 நவம்பர் 6 அன்று பிரின்ஸ்டன் மாணவர்கள் ரயிலேறிப் பக்கத்து ஊரான நியூ பிரன்சுவிக்குக்குப் போய் ரட்கர்ஸ் கல்லூரியோடு பந்தாடினார்கள். அணிக்கு 25 பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடாது. அமெரிக்கக் கால்பந்து, நம் கால்பந்து இரண்டுமே அந்த நாளைத் தம் பிறந்த நாளாகச் சொல்லிக்கொள்கின்றன. ரட்கர்ஸ் 6-4 என்று வென்றது. ஒரு வாரம் கழித்துப் பிரின்ஸ்டனில் நடந்த மறு ஆட்டத்தில் பிரின்ஸ்டன் 8-0 என்று வென்றது. இந்த ஆண்டு உன் ஊரில், மறுமுறை என் ஊரில் என்ற ஏற்பாடு அங்கேயே தொடங்கிவிட்டதைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது ஆட்டம் ஒன்றும் பேசப்பட்டிருந்தது, அது நடக்கவில்லை. படிப்பு கெடுகிறது என்று ஆசிரியர்கள் தடுத்துவிட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆசிரியர்களாகிய நமக்கு இதை நம்புவதில் சிரமம் ஏதும் இல்லை.

தூரத்துக்கு நிலையான விடை ஒன்றைக் கண்டுபிடித்தவை சிறிய கல்லூரிகளே. 1888இல் தெற்கு மிச்சிகனைச் சேர்ந்த சில கல்லூரிகள் கூடி ஒரு விளையாட்டுக் கழகம் அமைத்துக்கொண்டன. எம்.ஐ.ஏ.ஏ. என்ற அந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது. அமெரிக்காவில் இவ்வகையில் மிகப் பழையது அதுதான். பிக் டென் என்று உலகம் அறிந்த பெரிய பல்கலைக்கழகங்களின் அமைப்பு அதற்கு எட்டு ஆண்டுகள் பின்னால், 1896இல் வந்தது. இத்தகைய அமைப்பை அமெரிக்கர்கள் 'கான்ஃபரன்ஸ்' என்பார்கள். நாம் குழுமம் என்று சொல்வோம். குழுமம் என்பது விதிகளைப் பொதுவாக வைத்துக்கொள்ளும் கூட்டு என்று அகராதி சொல்லக்கூடும். நடைமுறையில் அது ஒரு வட்டம். காலையில் புறப்பட்டு, ஆடி, இரவே வீடு திரும்பக்கூடிய தொலைவில் இருப்பவர்களின் வட்டம். எம்.ஐ.ஏ.ஏ.வில் இன்று ஆடும் கால்வின் பல்கலைக்கழகத்துக்கும் ஹோப் கல்லூரிக்கும் இடையே ஏறத்தாழ முப்பது மைல்தான். அந்த இரண்டின் பகைமை அந்த வட்டாரத்தில் பேர்போனது. தூரத்தில் இருப்பவனோடு யாரும் இவ்வளவு ஆசையாகப் பகைத்துக்கொள்வதில்லை.

கால்பந்துக்கு வருவோம். பிலடெல்ஃபியாவுக்கு அருகே குவேக்கர் சமயத்தினர் 1833இல் தொடங்கிய ஹேவர்ஃபோர்டு ஒரு சிறிய கல்லூரி. அங்கே முதலில் கொடிகட்டிப் பறந்த ஆட்டம் கிரிக்கெட். 1896ஆம் ஆண்டுக் கோடையில் அதன் கிரிக்கெட் அணி கப்பலேறி இங்கிலாந்துக்கே போய் ஆடிவிட்டு வந்தது. அப்படிப்பட்ட ஓர் ஆங்கிலச் சாயல் கொண்ட கல்லூரியில் கால்பந்து வேர்பிடித்ததில் வியப்பில்லை. 1905 ஏப்ரல் 1 அன்று ஹேவர்ஃபோர்டு அணி ஹார்வர்டின் களத்துக்குச் சென்று 1-0 என்று வென்றது. முறையான விதிகளின்படி நடந்த முதல் கல்லூரிக் கால்பந்தாட்டம் என்று வழக்கமாகக் குறிக்கப்படுவது இதுதான். முன்னூறு மைல் பயணம். அதே ஆண்டு ஐந்து கல்லூரிகள் சேர்ந்து ஒரு லீக் அமைத்தன: ஹேவர்ஃபோர்டு, ஹார்வர்டு, கொலம்பியா, பென்சில்வேனியா, கார்னெல். ஆம், அதே கார்னெல். ஒயிட் பதவியை விட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தக் காலத்தில் ஆட்ட நிரலை வகுத்தவர்கள் பெரும்பாலும் மாணவர்களே. அணிக்கு ஒரு மாணவர் மேலாளர் இருப்பார். அவர் பிற கல்லூரி மேலாளர்களுக்குக் கடிதம் எழுதி, நாள் குறித்து, ரயில் நேரம் பார்த்து, வருகிற அணிக்குக் கொடுக்கும் தொகையைப் பேசி முடிப்பார். பணம் சேரச் சேர இந்த வேலை மாணவர் கையைவிட்டுப் போயிற்று. முதலில் பழைய மாணவர்களிடம், பிறகு சம்பளம் வாங்கும் இயக்குநர்களிடம். கால்பந்தில் பணம் சேராததால் அங்கே இந்த மாற்றம் மெதுவாகவே நடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலும் டயரும் பங்கீட்டுக்கு வந்தபோது பல சிறிய கல்லூரிகள் ஆட்டத்தையே நிறுத்தி வைத்தன. மற்றவை பக்கத்து ஊர்களோடு சுருங்கிக்கொண்டன.

1956இல் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் வந்தது. 41,000 மைல் சாலை. ரயில் அட்டவணைக்குக் கட்டுப்பட்டிருந்த கல்லூரிகள் பேருந்துக்கு மாறின. ரயில் நிலையம் இல்லாத ஊர்க் கல்லூரிக்கு இது ஒரு விடுதலை. 1959இல் என்.சி.ஏ.ஏ. முதல் தேசியக் கால்பந்துப் போட்டியை நடத்தியது. கனெக்டிகட்டில் நடந்த இறுதியாட்டத்தில் வென்றது செயின்ட் லூயி பல்கலைக்கழகம். மூன்றாம் பிரிவுக்கென்று தனிப் போட்டி 1974இல் தொடங்கியது. பெண்களுக்கு அந்தப் பிரிவில் 1986இல்.

பெண்கள் என்று சொல்லும்போது ஒரு சட்டத்தை நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. 1972இல் நிறைவேறிய கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதி, 'டைட்டில் நைன்', கல்வி நிலையங்களில் பால் வேறுபாடு காட்டக்கூடாது என்றது. 1975இல் வகுக்கப்பட்ட அதன் விதிகள், சமவாய்ப்பை எதைக் கொண்டு அளப்பது என்பதற்கு ஒரு பட்டியல் தந்தன. அந்தப் பட்டியலில் ஆட்ட நேரத்தை வகுப்பதும், பயணத்துக்கும் நாள்படிக்கும் கொடுக்கும் தொகையும் தனித்தனியே இடம்பெற்றிருக்கின்றன. ஆண்கள் பேருந்தில் போக, பெண்கள் தங்கள் கார்களில் போவது இனிமேல் சட்டப் பிரச்சினை. சிறிய கல்லூரிகள் கண்ட வழி எளியது: இரண்டு அணிகளையும் ஒரே நாளில் ஒரே ஊருக்கு அனுப்புவது. பன்னிரண்டு மணிக்கு ஒரு ஆட்டம், இரண்டரைக்கு இன்னொன்று. முதலில் ஆடியவர்கள் குளித்துவிட்டு வந்து அடுத்த அணிக்காகக் கத்துவார்கள். ஐம்பத்தாறு இருக்கைப் பேருந்தில் இரண்டு அணிகளும் அடங்க வேண்டும் என்பதால், அணிக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்ற எண்ணிக்கை வந்தது. முப்பது பேர் கொண்ட அணியில் ஏழெட்டுப் பேர் வெள்ளிக்கிழமை மாலை ஒட்டப்படும் பட்டியலில் தம் பெயர் இல்லாததைப் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்புவார்கள். ஒயிட்டின் கணக்கில் முதல் எண் இப்படிக் குறைந்தது.

இனி, இன்றைய நிரல் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். பருவம் மிகக் குறுகியது. செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து நவம்பர் முதல் வாரத்துக்குள் பதினாறு முதல் பதினெட்டு ஆட்டங்கள் வரை முடிக்க வேண்டும். இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் ஓர் அணி 38 லீக் ஆட்டங்களை ஆட ஒன்பது மாதம் எடுத்துக்கொள்கிறது. இங்கே வாரத்துக்கு இரண்டு. வழக்கமாகச் சனிக்கிழமை ஒன்று, நடுவாரத்தில் ஒன்று. குழுமத்துக்குள் ஆட வேண்டிய ஆட்டங்களின் நாளைக் குழும அலுவலகம் முன்கூட்டியே வகுத்துவிடும். பத்துக் கல்லூரிகள் கொண்ட குழுமமானால் ஒன்பது ஆட்டங்கள் அப்படிக் கைக்கு வந்துவிடும். எஞ்சிய ஏழெட்டைப் பயிற்றுநர்தான் தேடிப் பிடிக்க வேண்டும். தொலைபேசி, மின்னஞ்சல், பயிற்றுநர்கள் கூடும் இடங்களில் காபிக் கோப்பையோடு நடக்கும் பேரம். இந்த ஆண்டு நீ வா, அடுத்த ஆண்டு நான் வருகிறேன் என்று இரண்டு ஆண்டுக்கு ஒப்பந்தம். 1869இல் நடந்த அதே பேச்சு.

இங்கேதான் ஒரு சட்டக் கணக்கு குறுக்கிடுகிறது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி பயணிகள் பேருந்தை ஓட்டுபவர், எட்டு மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. போக ஐந்து, வர ஐந்து. எதிரணி ஐந்து மணிநேரத் தொலைவுக்குள் இருந்தால் ஓர் ஓட்டுநர் போதும், அன்றே திரும்பிவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் இரண்டாவது ஓட்டுநர் வேண்டும், இல்லையென்றால் விடுதி. ஒரு விடுதி இரவு என்றால் இருபது அறைக்கு மேல். இரவு உணவு, காலை உணவு. ஆகவே அமெரிக்க வரைபடத்தில் ஒவ்வொரு சிறிய கல்லூரியைச் சுற்றியும் ஐந்து மணிநேர ஆரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டும் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும்.

காரணங்கள் பலவகை. பலமான அணியோடு ஆடினால்தான் தேசியப் போட்டிக்குத் தேர்வாகும் வாய்ப்பு. 2024 இலையுதிர்காலத்திலிருந்து மூன்றாம் பிரிவில் அணிகளைத் தேர்ந்தெடுக்க என்.பி.ஐ. என்ற கணிதக் குறியீடு வந்துவிட்டது. யாரோடு ஆடினாய் என்பதற்கு அதில் தனி மதிப்பு உண்டு. ஆனால் பலமான அணிகள் எல்லாவற்றையும் தேடிப்போய்த் தோற்றுக்கொண்டிருந்தால் எந்தக் குறியீடும் காப்பாற்றாது. இன்னொரு காரணம், மாணவர் சேர்க்கை. கட்டணத்தை நம்பி நடக்கும் சிறிய கல்லூரிக்கு முப்பது பேர் கொண்ட அணி என்பது முப்பது சேர்க்கை விண்ணப்பம். எந்த மாநிலத்திலிருந்து மாணவர் வர வேண்டுமென்று கல்லூரி விரும்புகிறதோ அங்கே ஒரு வார இறுதியில் போய் ஆடிவிட்டு வருவார்கள். மைதான ஓரத்தில் பள்ளி மாணவர்களும் பெற்றோரும் நின்று பார்ப்பார்கள். விளையாட்டுக்கு உதவித்தொகை இல்லாத பிரிவில் விளையாட்டுதான் கல்லூரிக்கு உதவித்தொகை தருகிறது என்று யாராவது சொன்னால் மறுப்பது கடினம்.

இவற்றுக்குமேல் நாட்காட்டியின் தொல்லைகள். நடுவாரத்தில் பக்கத்து ஊர் அணிதான் வேண்டும். செவ்வாய், வியாழன் பிற்பகல்களில் ஆய்வுக்கூட வகுப்பு. கால்வின் போன்ற சமயச் சார்புள்ள கல்லூரிகள் ஞாயிற்றுக்கிழமை ஆடா. அக்டோபரில் வரும் நான்கு நாள் விடுமுறையில்தான் தொலைதூரப் பயணத்தை வைக்க முடியும். ஊருக்குப் போக நினைத்த மாணவருக்கு அது விடுமுறையாக இராது. இவ்வளவும் பொருந்தி வந்தபின் இடி இடிக்கும். கடைசி மின்னலிலிருந்து முப்பது நிமிடம் கழிந்தால்தான் ஆட்டத்தைத் தொடரலாம் என்பது கல்லூரி விளையாட்டில் பின்பற்றப்படும் வழிகாட்டுதல். நடுவில் இன்னொன்று மின்னினால் மீண்டும் முதலிலிருந்து முப்பது. 2022 வரை, சமநிலையில் நின்ற ஆட்டத்துக்குக் கூடுதல் நேரமும் இருந்தது. அந்த ஆண்டு பருவ ஆட்டங்களில் அதை நீக்கினார்கள். ஆட்ட அழகைப் பற்றியும் வீரர்களின் உடல்நலத்தைப் பற்றியும் விவாதங்கள் நடந்தன. பேருந்து ஓட்டுநர்களிடம் கேட்டிருந்தால் ஒருமனதாக ஆதரித்திருப்பார்கள்.

இந்தக் கோட்டை வேண்டுமென்றே தாண்டியவர்களும் உண்டு. 1986இல் அமைந்த யு.ஏ.ஏ. என்ற குழுமம் ஆய்வுப் பல்கலைக்கழகங்களால் ஆனது: சிகாகோ, நியூயார்க், அட்லாண்டாவின் எமரி, செயின்ட் லூயியின் வாஷிங்டன் பல்கலைக்கழகம், ராச்செஸ்டர், கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன், பிட்ஸ்பர்கின் கார்னகி மெலன், பாஸ்டனை அடுத்த பிராண்டைஸ். படிப்பில் தமக்கு இணையானவர்களோடுதான் ஆடுவோம், அவர்கள் எங்கிருந்தாலும் விமானத்தில் போவோம் என்பது அவர்கள் நிலை. எட்டு அணிகள், ஏழு ஆட்டங்கள். முடிவில் தனியாக ஒரு குழுமப் போட்டி வைப்பதில்லை. வசதி படைத்த பல்கலைக்கழகங்கள், அவர்களால் முடிகிறது. இன்னொரு முனையில் தெற்குக் கலிபோர்னியாவின் எஸ்.சி.ஐ.ஏ.சி., 1915இல் அமைந்தது. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ஆனால் அந்த வட்டாரத்தைத் தாண்டினால் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் நூற்றுக்கணக்கான மைலுக்கு இல்லை. வடமேற்குக் குழுமத்தில் ஸ்போகேன் நகரின் விட்வொர்த்துக்கும் போர்ட்லாந்துக்கும் இடையே 350 மைல். அங்கே நெடுங்காலம் சனி, ஞாயிறு என்று அடுத்தடுத்த நாளில் இரண்டு ஆட்டங்களை ஒரே பயணத்தில் முடித்து வந்தார்கள். தேசியப் போட்டியிலும் தூரமே சூத்திரதாரி. 500 மைலுக்குள் இருந்தால் பேருந்து, தாண்டினால்தான் விமானம் என்பது அங்கே நெடுநாள் விதி. விமானச் செலவைக் குறைப்பதற்காக முதல் சுற்றுகளின் கட்டங்களே அதற்கேற்ப வரையப்பட்டன. யார் யாரோடு மோதுவது என்பதைத் திறமைக்கு முன்னால் வரைபடம் தீர்மானித்தது.

பேருந்து என்று சொல்லிக்கொண்டே வந்தோம். பேருந்துக்கும் வசதியில்லாத கல்லூரிகள் பதினைந்து இருக்கை வேன்களை வைத்திருந்தன. ஓட்டுநர் தனியாகக் கிடையாது. பயிற்றுநரோ உதவிப் பயிற்றுநரோ ஓட்டுவார். காலையில் ஓட்டி, பகலில் கத்தி, இரவில் மீண்டும் ஓட்டுவார். 2000 பிப்ரவரியில் டெக்சஸில் பிரெய்ரி வியூ பல்கலைக்கழகத்தின் ஓட்டப்பந்தய அணி சென்ற வேன் கவிழ்ந்து நான்கு மாணவர்கள் இறந்தார்கள். 2001இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் இந்த வேன்களைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது: பத்துப் பேருக்கு மேல் ஏறினால் கவிழும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. அதன்பின் பல கல்லூரிகள் அவற்றைக் கைவிட்டன. வாடகைப் பேருந்து எடுத்தன. நிரலில் சில தொலைதூர ஆட்டங்கள் அடிபட்டன.

பேருந்தும் பாதுகாப்பு அரண் இல்லை. ஒஹையோவின் பிளஃப்டன், மென்னோனைட் சமயத்தினரின் ஒரு சிறிய பல்கலைக்கழகம். 2007 மார்ச் 2, விடியற்காலை. அதன் பேஸ்பால் அணி இரவெல்லாம் பயணம் செய்து ஃபுளோரிடாவுக்கு ஆடப் போய்க்கொண்டிருந்தது. அட்லாண்டாவில், இடப்பக்கம் பிரியும் ஒரு வெளியேறு பாதையை நெடுஞ்சாலையின் தொடர்ச்சி என்று ஓட்டுநர் எண்ணிவிட்டார். பேருந்து மேம்பாலத்தின் தடுப்பைத் தாண்டிக் கீழே சாலையில் விழுந்தது. ஐந்து மாணவர்கள், ஓட்டுநர், அவர் மனைவி என ஏழு பேர் இறந்தார்கள். இருக்கைகளில் பெல்ட் இல்லை. பெல்ட் வேண்டுமென்ற கோரிக்கைக்கு அந்த மாணவர்களின் பெற்றோர்கள் பல ஆண்டு அலைந்தார்கள். 2013இல் விதி வந்தது. 2016 நவம்பர் முதல் புதிதாகத் தயாராகும் நெடுந்தூரப் பேருந்துகளில் பெல்ட் கட்டாயமானது. ஒன்பது ஆண்டுகள். அது கால்பந்து அணியில்லை என்பது ஒரு பொருட்டா என்ன? அதே அளவுக் கல்லூரி, அதே வகைப் பேருந்து, அதே கணக்கு.

கடைசியாக ஒரு குழுமத்தின் கதை. 1962இல் தென் மாநிலங்களின் சில தனியார் கல்லூரிகள், விளையாட்டுக்கு உதவித்தொகை தருவதில்லை என்ற கொள்கையோடு ஒரு குழுமம் அமைத்தன. டென்னசியின் செவானி, மெம்பிஸில் பிற்காலத்தில் ரோட்ஸ் என்று பெயர் மாறிய கல்லூரி, கென்டக்கியின் சென்டர் முதலியன. கொள்கை பிடித்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். கொள்கைக்குத் தூரம் தெரியாது. சான் அன்டோனியோவிலிருந்து ட்ரினிட்டி, ஜார்ஜ்டவுனிலிருந்து சவுத்வெஸ்டர்ன், இந்தியானாவிலிருந்து டிபா, 2006இல் கொலராடோ கல்லூரி, 2007இல் அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன். எஸ்.சி.ஏ.சி. என்று பெயர் பெற்ற அந்தக் குழுமம் அப்போது பன்னிரண்டு கல்லூரிகள், ஒன்பது மாநிலங்கள். சான் அன்டோனியோவிலிருந்து செவானி ஏறத்தாழ ஆயிரம் மைல். வெள்ளி ஒரு ஊரில், ஞாயிறு இன்னோர் ஊரில் ஆடிவிட்டுத் திங்கள் காலை வகுப்பில் உட்கார வேண்டிய மாணவர்கள். ஆட்டம் நன்றாகவே இருந்தது. ட்ரினிட்டி 2003இல் ஆண்களுக்கான தேசியப் பட்டத்தையே வென்றது. ஆனாலும் கணக்கு ஒத்துவரவில்லை. டிபா முதலில் விலகியது. 2012இல் கிழக்குப் பக்கத்துக் கல்லூரிகள் ஏழு பிரிந்து, ஜார்ஜியாவின் பெர்ரி கல்லூரியையும் சேர்த்துக்கொண்டு, எஸ்.ஏ.ஏ. என்ற புதிய குழுமம் அமைத்தன. பிரிந்ததற்குச் சண்டை காரணமில்லை, வழி காரணம். டெக்சஸ் கல்லூரிகள் கொலராடோவோடு தனித்து நின்றன. தேசியப் போட்டிக்கு நேரடித் தகுதி பெற அக்காலத்தில் ஒரு குழுமத்தில் ஏழு கல்லூரிகளாவது இருக்க வேண்டும். ஆகவே சிறிய பக்கத்துக் கல்லூரிகளைத் தேடிச் சேர்த்துக்கொண்டார்கள்.

வட்டம் சுருங்கியது, எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வட்டத்துக்குள் இருப்பவர்கள் இருந்தால்தானே வட்டம்? அமெரிக்காவில் சிறிய தனியார் கல்லூரிகள் மூடப்படும் காலம் இது. பர்மிங்ஹாம்-சதர்ன் பல ஆண்டுகள் கடனில் தள்ளாடி, மாநில அரசிடம் கடன் கேட்டு, கிடைக்காமல், 2024 மே 31 அன்று மூடப்பட்டது. அன்றுதான் அதன் பேஸ்பால் அணி ஒஹையோவின் ஈஸ்ட்லேக் நகரில் தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்தை ஆடியது. செலவுக்குப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தோற்று வெளியேறினார்கள். திரும்பிப்போகக் கல்லூரி இல்லை.

அந்த இலையுதிர்காலத்தில் குழுமத்தின் கால்பந்து நிரல்களில் பர்மிங்ஹாம்-சதர்ன் இருந்த இடத்தில் வேறு ஊர்ப் பெயர்கள். அடுத்த ஆண்டு, 2025இல், எஸ்.ஏ.ஏ. இரண்டு புதிய உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டது: சான் அன்டோனியோவின் ட்ரினிட்டி, ஜார்ஜ்டவுனின் சவுத்வெஸ்டர்ன். தூரம் தாங்கவில்லை என்று எவர்களை விட்டுப் பிரிந்தார்களோ அவர்களையே. செவானிக்கு இன்றும் ஆயிரம் மைல்தான்.